நடுப்படகு சொன்ன ஆறு எண்கள்

என் வேலை என்னவென்று கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெப்சைட்டுக்குப் பூட்டு விற்கிற கம்பெனி; பூட்டு திறக்கவில்லை என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வது நான். ஆரம்பத்தில், வெப்சைட்டோடு ஒட்டவைக்கிற பிளகின், செக்யூரிட்டி என்றெல்லாம் விரிவாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மைனி தாடையில் கையை வைத்து முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ ராத்திரி காவல் கெடக்கதுக்கா போற? ஒனக்க மாப்பிள எப்படி விட்டாரு?" என்றாள். அதோடு அந்த விளக்கத்தை மூட்டை கட்டிவிட்டேன்.

வீடு நெய்யூரில். வேலையும் அங்கேதான், படுக்கையறை மூலையில் ஒரு மேசை. கம்பெனி எங்கோ இருக்கிறது, வாடிக்கையாளர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். எல்லாம் சாட்டில் எழுத்துதான், பேச்சு கிடையாது. ஒருவன் தன் கடவுச்சொல்லைத் தானே ஐந்து தடவை தப்பாக அடித்துவிட்டு, 'உங்கள் பிளகின் என்னைத் திருடன் என்கிறது' என்று சண்டைக்கு வருவான். நான் ஆங்கிலத்தில், 'உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்' என்று எழுதுவேன். எழுதிக்கொண்டே வாயால், "சவமே, கண்ணத் தொறந்து அடிச்சா என்ன?" என்பேன். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுக் கேட்டு, "ஒனக்க இங்கிலீஷ் மரியாதக்காரி. ஒனக்க தமிழுக்குத்தான் பேயி பிடிச்சிருக்கு" என்பார். இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் எனக்கு வேலை போய்விடும்.

நான் அதிகம் எழுதுகிற வாக்கியம் ஒன்று உண்டு. கடவுச்சொல் அடித்த பிறகு, போனில் ஒரு செயலி ஆறு இலக்க எண் ஒன்று காட்டும். அதையும் அடித்தால்தான் வெப்சைட்டுக்குள் போக முடியும். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த எண் மாறிவிடும். 'இந்த எண்ணை யாரிடமும், எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். எங்களிடம்கூடச் சொல்லாதீர்கள்.' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் மற்றவர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். எனக்கு டூட்டி. சாட்டில் ஒரு பெண் வந்தாள். ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினாள், மூன்றாவது வரியில் ஆங்கிலம் தீர்ந்துபோய், ஆங்கில எழுத்திலேயே தமிழ் வந்தது. 'கடவுளே நான் என்ன செய்யதுக்கு, ஆளுவ எல்லாரும் பாக்காவ.'

'செய்யதுக்கு', 'பாக்காவ' என்று எங்கள் பக்கத்து ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யார் எழுதுவார்கள்? நாங்கள் எந்த ஊர் என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்று கம்பெனியில் விதி. ஆனாலும் நான் தமிழிலேயே எழுதினேன். 'பயப்படாத பிள்ளே. நானும் இங்கனதான். என்னாச்சு, சொல்லு.'

எல்லாவற்றையும் கொட்டினாள்.

கொளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். அவள் தையல்காரி. கல்யாண கவுன், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும்போது போடுகிற புதுநன்மை உடுப்பு, இதெல்லாம் தைப்பாள். அவளுடைய கணவர் தங்கல் படகில் போகிறவர். கடலுக்குள் போனால் வாரக்கணக்கில் அங்கேயே தங்கிப் பிடிக்கிற படகு. மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருந்த நேரத்தில் அவர் யூடியூப் பார்த்து மனைவிக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறார். மேலே அவளுடைய படம் பெரிதாக. கீழே தைத்த உடுப்புகள். எங்கள் பிளகினையும் போட்டு, அந்த ஆறு இலக்கப் பூட்டையும் போட்டிருக்கிறார். கெட்டிக்கார மனுஷன்தான். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு டிசைனை எங்கிருந்தோ ஓசியில் இறக்கியிருக்கிறார். திருடன் அதற்குள்ளேயே உட்கார்ந்து வந்துவிட்டான்.

நான் அவளுடைய தளத்தைத் திறந்து பார்த்தேன். மேலே அவள், கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். கீழே கவுன்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த படங்களை நான் எழுதப் போவதில்லை. அவள் முகத்துக்குக் கீழே அந்தப் படங்கள். பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? இவள்தான் அவள் என்றுதானே தோன்றும்? நடு மண்டையில் போட வேண்டும் போலிருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

அவள் காலைப் பூசை முடிந்து வருவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். 'இதைப் பாருங்கள்' என்று லிங்கோடு. ஒருவன் போட்டால் நாற்பது பேர் திறப்பார்கள். அவளுடைய மாமியார் வாசலில் நின்று, "போட்டோவ நெட்டுல போடாதண்ணு அண்ணைக்கே சொன்னேன், கேட்டியா? அந்தக் கடையப் பூட்டித் தொலை" என்கிறாராம். அடுத்த மாதம் இரண்டு கல்யாண கவுன் தைக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு வீட்டிலிருந்து, துணியைத் திருப்பித் தாருங்கள் என்று காலையிலேயே ஆள் வந்துவிட்டதாம்.

'உள்ளே போய் சைட்டை மூட ஒரு நிமிஷம் போதும். கடவுச்சொல் இருக்கா?' என்றேன்.

'இருக்கு. அந்த ஆறு நம்பர் அவருக்க போன்ல.'

'அவர் எங்க?'

'கடல்ல.'

அப்போதுதான் எனக்கே பதறிப்போய் வெப்ராளம் பிடித்தது. எங்களிடம் மறுசாவி கிடையாது. அதுதான் எங்கள் விளம்பரமே. அவசரத்துக்கென்று தருகிற மாற்று எண்கள்? அவர் அதைப் பத்திரமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார், அதே போனில். தளத்துக்கு இடம் கொடுத்த கம்பெனியிடம் கேட்கலாம். அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். கணக்கு வைத்திருப்பவர் நேரில் அடையாளம் காட்ட வேண்டும், அதுவும் வேலை நாளில் என்றார்களாம். என் மேலதிகாரியைக் கேட்டேன். அவர் விதியை வெட்டி எடுத்து ஒட்டினார். கோபம் வந்தது, ஆனால் விதி சரிதான். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் அழுதுகொண்டு வந்து அடுத்தவன் கடையைத் திறந்துவிடலாம்.

வேறு வாடிக்கையாளராக இருந்தால் இந்த இடத்தில், 'மிகவும் வருந்துகிறோம்' என்று எழுதி முடித்திருப்பேன். விரல் அதற்குப் போகவில்லை. ஒன்றும் செய்ய வழியில்லாமல், ஏதாவது பேச வேண்டுமே என்று எழுதினேன். 'அந்த எண் வர நெட்டு வேண்டாம், சிக்னல் வேண்டாம். போன்ல மணி சரியா இருந்தாப் போதும், நடுக்கடல்லயும் வரும். ஆனா அதை நமக்கு யாரு சொல்ல?'

அந்தப் பக்கம் எழுதுகிற புள்ளிகள் வந்தன, நின்றன, மறுபடியும் வந்தன.

'நெட்டு இல்லாமலும் வருமா?'

'வரும்.'

'அப்போ வயர்லெஸ்ல கேக்கலாம்லா அக்கா?'

எனக்கு இது தோன்றவே இல்லை. கடற்கரைக்கு ஐந்து மைல் தள்ளிப் பிறந்து வளர்ந்தவள் நான், மீன் வாங்குவதோடு சரி. படகுகளில் வயர்லெஸ் செட் இருக்கிறது, படகு முதலாளி வீட்டில் கரைச் செட் இருக்கிறது. அவள் கணவருடைய படகு கரைச் செட்டுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஆனால் மீனோடு திரும்பிக்கொண்டிருந்த இன்னொரு படகு நடுவில் இருந்தது என்றாள். இவர்கள் சொல்வது அதற்குக் கேட்கும், அது சொல்வது அவருக்குக் கேட்கும்.

உடனே ஓடுவாள் என்று பார்த்தால் தயங்கினாள். 'அது எல்லாருக்கும் கேக்கும் அக்கா. அந்தப் பக்கம் கெடக்க எல்லா படகுக்கும் கேக்கும். இப்போ கரையில உள்ளவங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் கடல்லயும் தெரியும். அவருக்கும் தெரியும். இனியும் நாளு கெடக்கு அவரு வர. அதுவரைக்கும் அங்க கெடந்து என்ன பாடுபடுவாரு?'

'என்ன ஏதுண்ணு சொல்லாத. எண்ணை மட்டும் கேளு' என்றேன்.

சாட்டில் பேசுகிற பொத்தான் ஒன்று உண்டு. நாங்கள் யாரும் அதை அமுக்குவதில்லை. அமுக்கினேன். முதலில் மூச்சிரைப்பு கேட்டது. மணலில் வேகமாக நடக்கிறாள். பிறகு ஒரு கதவு, ஆட்கள் சத்தம், செட்டின் கரகரப்பு. முதலாளி நல்ல மனிதர் போலிருக்கிறது, காரணம் கேட்கவில்லை. "ஏ பிள்ளே, இங்கன நில்லு" என்று இடம் கொடுத்தார். பின்னாலேயே மாமியாரும் வந்து நின்றார். அவர் முணுமுணுப்பதும் எனக்குக் கேட்டது.

முதலாளி நடுப்படகைக் கூப்பிட்டார். வயதான ஒரு குரல் பதில் சொன்னது. அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. சாவகாசம் என்றால் அப்படியொரு சாவகாசம்.

"ஆ, சொல்லும் முதலாளி, கேக்குது. நமக்கு இங்க மூணு நாளா வாடைக்காத்து. மீன்பாடு பரவாயில்ல. ஐஸு மட்டும் கொஞ்சம்..."

முதலாளி குறுக்கே புகுந்து விஷயத்தைச் சொன்னார். இன்ன படகில் இன்னாரின் போனில் ஆறு எண் வரும். அதைக் கேட்டு உடனே சொல்ல வேண்டும். பெரியவர் அந்தப் பக்கம் பேசினார். அவருடைய குரல் மட்டும் கேட்டது, மறுமுனை கேட்கவில்லை. பிறகு எங்களிடம் திரும்பினார்.

"ஆங், கிடைச்சான். போன எடுத்துட்டு வந்தான். நல்லா இருக்கானாம். அங்க எல்லாரும் சுகமாண்ணு கேக்கான். நம்பர சொல்லட்டா? எழுதிக்கிடுங்க. நாலு..."

அவர் ஆறாவது எண்ணுக்கு வருவதற்குள் அது செத்துவிட்டது. அவள் அடித்தாள். தவறு என்றது பிளகின். எங்கள் பிளகின்தான். ஐந்து முறை தப்பானால் பல மணி நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். அதை அப்படிச் செய்யச் சொல்லி எல்லோருக்கும் சிபாரிசு செய்வதும் நான்தான்.

இரண்டாவது தடவை பெரியவர் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சொன்னார், தப்பு வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில். அதுவும் போச்சு. மூன்றாவது தடவை கரகரப்பில் ஏழா, எட்டா என்று தெரியவில்லை. எட்டு என்று அடித்தாள். இல்லை. மாமியார், "இதெல்லாம் நடக்கக் கூடியதா? எல்லாரும் கேட்டதுதான் மிச்சம்" என்றார். அவள் அழ ஆரம்பித்தாள்.

என் தமிழுக்குப் பேய் பிடித்தது. "ஏட்டி, அழாத. போனை அந்த செட்டு பக்கத்துல கொண்டு போ" என்றேன். பிறகு அறையே அதிர, பெரியவரிடம், "அண்ணாச்சி, நல்லா கேட்டுக்கிடுங்க! சுகம் விசாரிக்கது எல்லாம் அப்புறம். அந்த நம்பர் அரை நிமிஷந்தான் உயிரோட இருக்கும். இப்போ இருக்க நம்பர சொல்ல வேண்டாம், அது மாறட்டும். புதுசு வந்த உடனே, வந்த உடனே, அவரு சொல்லணும். அவரு சொல்லச் சொல்ல நீங்க சொல்லணும். நடுவுல ஒரு வார்த்த பேசப்பிடாது!" என்றேன்.

முதலாளி அதை அப்படியே மைக்கில் சொன்னார். என் கத்தலே நேராகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அரை நிமிஷமா? அத மொதல்லயே சொன்னா என்ன?" என்றார். "ஒண்ணொண்ணா வேண்டாம். ஏலத்துல சொல்லுகது மாதிரி ரெண்டு ரெண்டா சொல்லச் சொல்லுதேன். நானும் ரெண்டு ரெண்டா தருகேன்." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் இரண்டே வாக்கியம் பேசினார். பிறகு செட்டில் வெறும் இரைச்சல்.

நான் இங்கே மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தினமும் எழுதித் தள்ளுகிற எண்ணை, காது இருக்கிற படகெல்லாம் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள் என்று நானே கத்தியிருக்கிறேன். என் மேலதிகாரி கேட்டால் மயக்கம் போட்டிருப்பார்.

"நாப்பத்தொண்ணு," என்றார் பெரியவர். "எழுபத்தேழு. சீரோ மூணு."

அவ்வளவுதான். ஒரு சொல் கூட அதிகம் இல்லை. அவள் அடிக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, தொறந்துட்டு. தொறந்துட்டு அக்கா!"

"சந்தோஷம் அப்புறம். இடது பக்கம் நம்ம பிளகின் பேரை அமுக்கு. மேல ஒரு சிவப்பு பொத்தான், பராமரிப்புண்ணு. அத அமுக்கு. ஆமாண்ணு சொல்லு."

அமுக்கினாள். நான் இங்கே தளத்தைப் புதுப்பித்தேன். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரே ஒரு வரி: வேலை நடக்கிறது, பிறகு வாருங்கள். அந்தப் படங்கள் இல்லை. இன்னொரு முறை புதுப்பித்தேன். இல்லை. போனிலும் திறந்து பார்த்தேன். இல்லவே இல்லை. வாட்ஸ்அப்பில் இனி எவன் அமுக்கினாலும் வெறும் சுவரைத்தான் பார்ப்பான். அப்பாடா! நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையையும் குவித்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகு எத்தனையோ பூட்டுகளைத் திறக்க உதவியிருக்கிறேன். ஒன்றுக்குக்கூட இப்படிக் கையெடுத்துக் கும்பிட்டதில்லை.

திருடனை வெளியேற்றிச் சுத்தம் செய்கிற ஆட்கள் எங்களிடம் உண்டு. அவர்களுக்கு உள்ளே வர அனுமதி கொடுக்கச் சொன்னேன், கொடுத்தாள். மாற்று எண்களைப் புதிதாக எடுத்துக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைக்கச் சொன்னேன், எழுதினாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும், கவுன் படங்கள் திரும்ப வந்துவிடும் என்றேன். துணியைத் திருப்பிக் கேட்ட வீட்டுக்கு நானே வேண்டுமானால் போன் பண்ணி, திருட்டு நடந்தது, இவள் மேல் தப்பில்லை என்று சொல்லுகிறேன் என்றேன். கம்பெனி விதிகளில் அன்றைக்கு மிச்சம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

"அது வேண்டாம் அக்கா," என்றாள். குரல் தணிந்திருந்தது. "ஒரு காரியம் மட்டும் சொல்லித் தாருங்க. எனக்க படத்த எப்படி எடுக்கது? உடுப்பு மட்டும் கெடக்கட்டும். எனக்க முகம் வேண்டாம். இனி ஒரு இடத்துலயும் வேண்டாம்."

உன் படம், உன் விருப்பம். எடுக்காதே என்று சொல்ல நான் யார்? சாட்டில் வழியை எழுத ஆரம்பித்தேன். முதலில் இங்கே போ, பிறகு அந்தப் படத்தைத் தேர்ந்தெடு.

அப்போது செட்டில் பெரியவர் வந்தார். "பிள்ளே, அவன் கேக்கான், காரியம் ஆச்சாண்ணு."

"ஆச்சு" என்றார் முதலாளி.

"என்ன காரியம்ணு கேக்கான். சொல்லாம விடமாட்டான் போல."

முதலாளி மைக்கை அவளிடம் நீட்டியிருக்க வேண்டும். அவள் பேசினாள், கரகரப்புக்குள், எல்லோருக்கும் கேட்கும் என்று தெரிந்தே. "நம்ம சைட்டுல கள்ளன் கேறிட்டான். எனக்க படத்துக்குக் கீழ அசிங்கமா படம் போட்டுட்டான். ஊரு பூரா பாத்துட்டு. இப்போ எல்லாம் அடைச்சாச்சு. எனக்க படத்த அதுலேருந்து எடுத்துரப் போறேன். ஒங்க அம்மையும் அதத்தான் சொல்லுதாவ."

பெரியவர் அதை வார்த்தை மாறாமல் அந்தப் பக்கம் சொல்வது எங்களுக்குக் கேட்டது. "எனக்க படத்துக்குக் கீழ" என்றுகூட அப்படியே, அவள் சொன்ன மாதிரியே சொன்னார். பிறகு இரைச்சல். நீண்ட இரைச்சல். கணவர் என்ன சொன்னாரோ, எங்களுக்குக் கேட்கவில்லை. பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளே, அவன் சொல்லுகத அப்படியே சொல்லுதேன், கேட்டுக்கோ. படத்த எடுக்காத. நீ என்னத்த தப்பு செய்த? சிரிச்சிட்டுத்தான நிக்குத? அந்தப் படத்த பிடிச்சது நானாக்கும். எனக்கு அது வேணும். ஒருத்தனுக்கும் பயந்து எடுக்கப்பிடாது. அம்மைட்டயும் நான் சொன்னேண்ணு சொல்லு." நிறுத்தினார். "இன்னும் ஒண்ணு சொன்னான். அது வயர்லெஸ்ல சொல்லுகதுக்கு உள்ளது இல்ல. அவன் கரைக்கு வந்து சொல்லுவான்."

யாரோ சிரித்தார்கள். அது மாமியார் என்று பிறகு அவளே சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, "பேய்ப்பய" என்று மகனைத் திட்டிவிட்டு வெளியே போய்விட்டாராம்.

செட்டில் வேறு ஒரு குரல் புகுந்தது, எந்தப் படகோ. "எடுக்கப்பிடாது கேட்டியா." இன்னொன்று, "எனக்க தங்கச்சிக்கு கவுன் தச்சவதானே, எடுக்காத பிள்ளே." அவ்வளவு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பெரியவர் எல்லோரையும் அதட்டி வாயை மூடச் சொன்னார்.

"நானும் அதையேதான் சொல்லுதேன்," என்றார். "வைக்கட்டா?"

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, நானே அப்போது அழுதுகொண்டிருந்தேன். படத்தை நீக்குகிற வழியைச் சாட்டில் பாதி எழுதி வைத்திருந்தேன். அதை அழித்தேன்.